செவியில் வார்த்த நீர்

அடிவாரத்துத் தாப்பா நகருக்கும் எங்கள் மலைக்கும் இடையிலான சாலையின் வளைவுகளை எண்ணத் தொடங்கியவர் பலர். எண்ணி முடித்தவரை நான் கண்டதில்லை. பாதி வழியிலேயே வயிறு புரண்டு எண்ணிக்கை தவறிவிடும். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கீழ்நாட்டுக்குப் போகும் நாளில் ஆரஞ்சுப் பழத்தோலை முந்தானையில் முடிந்துகொண்டுதான் பேருந்தில் ஏறுவார்கள். அவர்களுள் எல்லாருக்கும் முன்னால் துவண்டு போகிறவர் என் அக்கா. மலைமேலுள்ள தானா ராத்தா ஊரைக் கடந்து சில வளைவுகள் போவதற்குள் அவர் முகம் வெளுத்துவிடும். பிறகு இறங்கும்வரை சாளரக் கம்பியில் நெற்றியை ஊன்றிக்கொண்டே வருவார்.

எழுபதுகளின் நடுவில், மழை விட்டிருந்த ஒரு காலையில், ஈப்போவிலிருந்த செவி மருத்துவர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். அன்று பேருந்தில் பாதிப்பேர் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். நானும் கண்களை மூடி எச்சிலை விழுங்கியபடி அமர்ந்திருந்தேன். அக்காவோ நிமிர்ந்து உட்கார்ந்து, பேருந்து நிலையத்தில் வாங்கிய தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, நெத்திலியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உண்டுகொண்டிருந்தார்.

"வயிறு ஒண்ணும் செய்யலையா அக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே செய்யல தம்பி. நீதான் பச்சப் புள்ளையாட்டம் கெடக்குற."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல திங்களுக்குப் பின் அவரிடம் கண்ட சிரிப்பு அது. என்புருக்கி நோயிலிருந்து எழுந்த உடல் முன்னிலும் உறுதி பெற்றுவிட்டது என்று நான் எண்ணிக்கொண்டேன். அந்த உறுதியே கேட்டின் அடையாளம் என்பது அன்று நண்பகலுக்குள் விளங்கிற்று.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர். பெற்றோர் மறைந்தபின் கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தவர் அவரே. மணமான சில ஆண்டுகளில் கணவரை இழந்தார், பிள்ளைகள் இல்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்து வரிசையின் கடைசி வீடு அவருடையது. அவருடையது என்று நான் எழுதுவது வழக்குப் பற்றியே. தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. வேலை நின்ற நாளில் அதுவும் கைவிட்டுப் போகும். நான் அத்தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். பள்ளியின் பின்புறத்தில் ஒருவர் படுத்தெழத்தக்க ஓர் அறை எனக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஆகவே அக்காவுக்கு அந்தக் கடைசி வீட்டைத் தவிர வேறு கூரை இல்லை.

நோய் முதலில் இருமலாக வந்தது. பின்னர் குருதியும் கண்டது. சில கிழமைகள் மருத்துவமனையில் கிடந்து திரும்பினார். அதன்பின் நாள்தோறும் காலையில் தோட்ட மருந்தகத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். டிரசர் என்று எல்லாரும் அழைத்த தோட்ட மருந்தாளர் நேரம் தவறாதவர். அக்காவும் ஒருநாளும் தவறியதில்லை. அந்த ஊசி அவரைக் காத்தது. இதை எங்கும் மறுத்துரைக்க மாட்டேன். அதே தோட்டத்தில் முன்னொரு காலத்தில் ஊசியில்லாமல் இருமி மாண்டவர்களை நான் அறிவேன்.

ஊசி தொடர்ந்துகொண்டிருந்த நாள்களில் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. விளக்கு காட்டும் வேளையில் அக்கா எல்லாரையும் போலக் கைகளைத் தலைக்குமேல் குவித்துக் கண்களை மூடினார். மூடியதும் அவர் உடல் அசைந்தது. முன்னும் பின்னுமாக இருமுறை ஆடி, அருகில் நின்ற பெண்ணின்மேல் சாய்ந்து விழுந்தார். உறுமி முழங்கிக்கொண்டிருந்தது. "ஆத்தா எறங்கிட்டா" என்று ஒரு குரல் எழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். கோயில் தலைவராகவும் கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கங்காணியாகவும் இருந்த பெரியவர் ஓடிவந்து திருநீற்றை அள்ளி அக்காவின் நெற்றியில் அப்பினார்; குறி கேட்டார். அக்கா வாய் திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. ஆத்தா சினந்திருக்கிறாள் என்று அதற்குப் பொருள் கொண்டார்கள்.

அன்றுமுதல் வெள்ளிதோறும் அது நிகழ்ந்தது. விளக்குக் காட்டுவார்கள், அக்கா கண்களை மூடுவார், விழுவார். கண்களை மூடியபோது மட்டுமே விழுகிறார் என்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்கத்தக்கவன் நான் ஒருவன் இருந்தேன். நானோ அக்காலத்தில் வேறோர் எண்ணத்தில் ஊறியிருந்தேன். சாமியாட்டம் என்பது அறியாமையும் நடிப்பும் கலந்த ஒன்று என்று படிப்பகத்தில் இளைஞர்க்கு உரையாற்றிய நாள்கள் அவை. என் சொந்த அக்கா திருநீறு பூசிக்கொண்டு ஆடுகிறார் என்பது எனக்கு நாணமாக இருந்தது. நோயாளிக்கு வேலை நிலைக்காது என்றஞ்சி அவர் நடிக்கிறார் என்றே முடிவு கட்டினேன். அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

ஒருநாள் பள்ளி விட்டபின் அவர் வேலியருகே வந்து நின்றார். முதுகுக் கூடையை இறக்காமலே பேசினார்.

"தம்பி, நடந்தா மரமெல்லாம் குதிக்குதுடா. செடியில எது கொழுந்து எது முத்தலுன்னு தெரியல. நின்னு பாத்தாத்தான் தெரியுது."

நான் கையிலிருந்த சுண்ணத்தூளைத் தட்டிக்கொண்டே விடை சொன்னேன்.

"அதையும் உங்க ஆத்தாகிட்டயே கேளுங்க."

அவர் திரும்பினார். பிறகு, கால்களை அகல வைத்து, வேலிக் கம்பியைத் தொட்டுத் தொட்டு நடந்து போனார். மறுநாள் காலையில் டிரசர் அவருக்கு வழக்கம்போல் ஊசி போட்டிருப்பார். அதற்கு மறுநாளும் போட்டிருப்பார். அன்று முதல் ஏறத்தாழ இரண்டு திங்கள் நான் அக்காவோடு பேசவில்லை.

அந்தக் காலத்தில் அவரைத் தாங்கியவர்கள் ஆத்தாவை நம்பியவர்களே. செங்குத்தான மலைச்சரிவில் பனிமூட்டம் இறங்கும்போது அவர் இருமுறை உருண்டிருந்தார். கங்காணியார் அவருக்குச் சாலையோரத்தில் மட்டமான நிலத்தில் ஒரு வரிசை ஒதுக்கினார். இரண்டு பெண்கள் வலமும் இடமுமாக அவரோடு நடந்தார்கள். அவர் பறித்த முத்தல் இலைகளை எடை போடும் முன்பே பொறுக்கி எறிந்து, தம் கூடையிலிருந்து நல்ல கொழுந்தை அள்ளி இட்டார்கள். தோட்ட மேலாளரான துரையிடம் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. இவையெல்லாம் பின்னாளில் எனக்குத் தெரியவந்தவை.

ஒரு பிற்பகலில் நான் பள்ளியைப் பூட்டிக்கொண்டு இறங்கியபோது பனிமூட்டம் திடீரெனச் சூழ்ந்தது. லயத்துப் பாதையில், அவர் வீட்டிலிருந்து இருபது அடி தொலைவில், அக்கா தனியே நின்றிருந்தார். இரு கைகளையும் விரித்து, கால்களை அகட்டி, நடை பயிலும் குழந்தையைப் போல நின்றிருந்தார். ஓர் அடி எடுத்து வைத்தார், உடல் ஒருபுறம் சரிந்தது, தரையில் அமர்ந்துவிட்டார். என்னை அவர் காணவில்லை. சற்று நேரத்தில் பனி விலகிற்று. வீட்டின் நிலைக்கால் கண்ணுக்குத் தெரிந்ததும் எழுந்து, அதன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், நேராக நடந்து உள்ளே போனார்.

காண்பவர் இல்லாத இடத்தில் எவரும் நடிப்பதில்லை. நான் அங்கிருந்து மருந்தகத்துக்கு ஓடினேன். நான் கண்டதைச் சொல்ல, டிரசரின் முகம் இருண்டது. சிலருக்கு அந்த ஊசி செவிக்குள் தாக்கும் என்றார். யாரும் தம்மிடம் சொல்லவில்லையே என்றார். ஊசி முடிந்து பதினைந்து நாளாகிவிட்டது என்றார். அங்கேயே உட்கார்ந்து ஈப்போ மருத்துவருக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

அக்காவுக்கு வர விருப்பமில்லை. அவர் சொன்னது இன்றும் என் செவியில் நிற்கிறது.

"சாமின்னா வேலைக்கு வச்சுக்கிறாங்க. சீக்குன்னா யாருடா வச்சுக்குவா? வீடு போயிரும் தம்பி."

நான் நெடுநேரம் பேசினேன். நோயென்று தெரிந்தால் மருந்துண்டு என்றேன். மலைச்சரிவு ஆகாதென்றால் தேயிலை ஆலையில் உட்கார்ந்து செய்யும் வேலை தருவார்கள் என்றேன். உண்மையை மறைத்து வாழ்வது இழுக்கு என்றும் சொன்னேன். அவர் இசைந்தது என் சொல்வன்மையால் அன்று. இரண்டு திங்களுக்கு மேல் கழித்து நான் அவர் வீட்டுப் படியேறியிருந்தேன்; மீண்டும் இறங்கிப் போய்விடக்கூடாது என்பதற்காகவே இசைந்தார். என் உள்ளத்திலோ இரண்டு நோக்கங்கள் இருந்தன. அவரைக் குணப்படுத்த வேண்டும் என்பது ஒன்று. இது ஆத்தா இல்லை என்று கங்காணியாருக்கும் கோயிலாருக்கும் காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. எது முந்தியது என்று அன்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மருத்துவர் நடுவயதினரான சீனர்; அமைதியானவர். என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். முதலில் பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார். அக்கா நின்றார். சிறிதும் ஆடவில்லை. அப்போது மருத்துவர் என் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் அவரிடமே மலாயில் சொன்னார்:

"தூத்துப் மாத்தா, அம்மா."

கண்ணை மூடு என்பது அக்காவுக்கு விளங்கிவிட்டது. என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். மருத்துவர்க்குத் தமிழ் தெரியாது என்ற துணிவில், ஆனாலும் தாழ்ந்த குரலில், என்னிடம் சொன்னார்.

"மூடுனா விழுந்துருவேன்டா. அது ஆத்தா இல்ல. மொத நாள்லேருந்தே எனக்குத் தெரியும். ஆத்தா வந்தா பயமாவாடா இருக்கும்?"

இதை நான் மருத்துவர்க்குப் பெயர்த்துச் சொல்லவில்லை. செவிலி ஒருவர் அக்காவின் பின்னால் வந்து கைகளை ஏந்தி நின்றார். அக்கா கண்களை மூடினார். நட்ட கம்பை அடியோடு பிடுங்கிவிட்டதுபோலப் பின்புறமாகச் சாய்ந்து செவிலியின் கைகளில் விழுந்தார். உறுமி இல்லை, குலவை இல்லை, சாம்பிராணி இல்லை. கோயிலில் விழுந்த அதே விழுகைதான்.

பிறகு ஒரு கட்டிலில் படுக்கவைத்து, தலையைச் சற்றே உயர்த்தி, தடித்த வில்லைகள் கொண்ட ஒரு கண்ணாடியை அணிவித்தார்கள். அதனுள் சிறு விளக்கு ஒன்று எரிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அக்காவின் விழிகள் இயல்பைவிடப் பன்மடங்கு பெரிதாகத் தோன்றின. மருத்துவர் இரண்டு குவளைகளில் நீர் வைத்திருந்தார். ஒன்று உடற்சூட்டைவிடச் சற்று வெம்மை. மற்றது சற்றுத் தண்மை. வெப்பமானியை இட்டு இரண்டையும் இருமுறை சரிபார்த்தார்.

சோதனையின் முறையை அவர் எனக்கு விளக்கினார். கேட்கும் உறுப்பை ஒட்டி, செவியின் ஆழத்தில், உடலை நிலைநிறுத்தும் உறுப்பு ஒன்றிருக்கிறது. அதில் நூலளவான மூன்று வளைகுழல்கள், அவற்றுள் நீர். தலை திரும்பினால் அந்நீர் அசையும். அந்த அசைவைக் கொண்டே தலை எப்பக்கம் திரும்பிற்று என்று மூளை அறிகிறது. செவித்துளையில் வெந்நீர் வார்த்தால், அடுப்பிலேற்றிய பானை நீர் கீழிருந்து மேலே புரள்வதுபோல, உள்ளிருக்கும் நீரும் புரளும். தலை அசையாதிருந்தும் அது சுழல்கிறது என்று மூளை ஏமாறும். விழிகள் ஒருபுறம் நழுவி நழுவி, வெட்டி வெட்டி மீளும். எத்தகைய வலியவனுக்கும் உலகம் சுற்றும், வாந்தியும் வரலாம். அதனால்தான் தலைமாட்டில் ஒரு தட்டு வைத்திருக்கிறோம் என்றார்.

தலை சுற்றும், அஞ்ச வேண்டா என்று அக்காவிடம் சொன்னேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

வெந்நீர் வலச்செவியில் இறங்கி வழிந்து தட்டில் சொட்டியது. மருத்துவர் கடிகாரத்தையும் விழிகளையும் மாறி மாறி நோக்கினார். விழிகள் கூரையைப் பார்த்தபடி இருந்தன. சற்றுப் பொறுத்து இடச்செவி. பின்னர்க் குளிர்ந்த நீர், வலமும் இடமும். ஒவ்வொரு முறையும் மருத்துவர் இன்னும் தாழக் குனிந்தார். நான்காம் முறை முடிந்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது.

"ஒண்ணுமே செய்யலடா. தலை சுத்தவே இல்ல. நல்லா இருக்கேன்னு டாக்டருகிட்ட சொல்லு."

அவர் மகிழ்ந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தோட்டத்தில் ஆண்டுக்கொரு முறை எல்லாரும் மருந்தகத்தின்முன் வரிசையில் நிற்போம். இருமல் உண்டா? இல்லை. காய்ச்சல் உண்டா? இல்லை. மயக்கம் உண்டா? இல்லை. இல்லை, இல்லை என்று சொல்லி வெளியேறியவர் வேலைக்குத் தக்கவர். மருத்துவச் சோதனை என்றால் ஒன்றுமில்லை என்று சொல்லித் தேறுவதே என்று பிறந்தது முதல் பழகியவர் அக்கா. கற்றவனாகிய நானும் அந்த வரிசையில் நின்று வளர்ந்தவன்தான். விழிகள் வெட்ட வேண்டும், உலகம் சுற்ற வேண்டும் என்று சற்றுமுன் என் செவியாற் கேட்டிருந்தும், அக்கா தேறிவிட்டார் என்று ஒரு கணம் என் நெஞ்சும் துள்ளிற்று. அவர் சொன்னதை முகமலர்ச்சியோடு ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னேன்.

மருத்துவர் சிரிக்கவில்லை. செவிலியை அனுப்பிப் பனிக்கட்டி மிதக்கும் நீரைக் கொண்டுவரச் செய்தார். அதை வார்த்தபோது அக்காவின் தோள் குளிரால் ஒருமுறை நடுங்கியது. அவ்வளவே. அந்தப் பெரிய விழிகள் அசையவில்லை. நீர் தட்டில் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. இடச்செவியிலும் வார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, மலைச்சாலையில் இறங்கி வரும்போது இவர் வாந்தி எடுத்தாரா என்பது. இல்லை, நாங்களெல்லாம் துவண்டு கிடந்தோம், இவர் மட்டும் உண்டுகொண்டு வந்தார் என்றேன். அவர் தலையை அசைத்தார். இரு செவியிலும் அவ்வுறுப்பு இறந்துவிட்டது. இனி உயிர்க்காது என்றார். இப்போது இவர் நிற்பது கண்ணாலும் பாதங்களாலுந்தான். கண்ணை மூடினாலும், இருட்டினாலும், பனிமூட்டம் சூழ்ந்தாலும் விழுவார். நடக்கும்போது தலை அசைய, கண்முன் உள்ளவையும் குதிக்கும். மலைச்சரிவில் வேலை கூடாது. ஆற்றில் தனியே இறங்கவே கூடாது என்றார்.

பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு கேட்டார். இது எப்போது தொடங்கிற்று? அப்போது ஊசி நடந்துகொண்டிருந்ததா? எவரிடமாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் ஊசியை நிறுத்தி வேறு மருந்து கொடுத்திருப்பார்கள். முழுவதும் போகாமல் ஒரு பகுதியையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

வேலியருகே கூடையோடு நின்ற அக்காவும், சுண்ணத்தூளைத் தட்டிய என் கைகளும் கண்முன் வந்தன.

"என்னா கேக்குறாரு?" என்றார் அக்கா.

கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. அவர் ஈரமான செவியை முந்தானையால் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"யாருகிட்டயும் சொல்லல, நானே மறைச்சுட்டேன்னு சொல்லு."

"அக்கா..."

"சொல்லுடா."

சொன்னேன். அவர் எவரிடமும் தெரிவிக்கவில்லை என்று திருத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். அன்று அந்தத் தாளில் ஏறியவற்றுள் பொய் அது ஒன்றுதான். அதுவும் என் வாயிலிருந்து ஏறியது.

தோட்ட நிருவாகத்துக்கு ஒரு கடிதம் வேண்டுமா என்று இறுதியில் கேட்டார். கடிதம் என்பதற்கு மலாயில் வழங்கும் 'சூராட்' என்ற சொல்லை அவர் இடையே சேர்க்கவும், அக்காவுக்கு விளங்கிவிட்டது. வேண்டா என்று கையை அசைத்தார். நான், வேண்டும் ஐயா என்று சொல்லிவிட்டேன்.

மலை ஏறும் பேருந்தில் எனக்கு வயிறு புரட்டியது. அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பாதி வழியில், மெல்லக் கேட்டார்.

"அந்தத் தாளக் குடுக்காட்டி என்னா தம்பி?"

உண்மையை மறைப்பதால் நேரும் கேட்டைப் பற்றி அவருக்கு எடுத்துரைத்தேன். சில மணி நேரம்தான் ஆகியிருக்கும், நான் அந்த அறையில் ஒரு பொய்யைப் பெயர்த்து வந்து. அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சரி என்றார். என்னைச் சுட்ட உண்மையை மறைத்தேன். அவரைச் சுடப்போகும் உண்மையை உறையிலிட்டு எடுத்துச் சென்றேன். இந்த வேறுபாடு எனக்குப் புலப்படச் சில நாள்கள் ஆயின.

கடிதத்தை நானே தோட்ட எழுத்தரான கிராணியிடம் கொடுத்தேன். துரை என்னை அழைத்து நாற்காலியில் அமரச்செய்து பேசினார். மிக்க மதிப்போடுதான் பேசினார். மலைச்சரிவில் செய்யும் வெளிக்காட்டு வேலைக்குத் தகுதியில்லை என்று மருத்துவரே எழுதியிருக்கும்போது தாம் அவரை அங்கு வைத்திருந்தால் நாளை அவர் விழுந்து இறப்பதற்குத் தாமே பொறுப்பு என்றார். ஆலையிலோ ஓடும் பொறிகளும் ஈரத் தரையும், அங்கும் ஆகாது. வேலையில் இல்லாதவர்க்கு வீடு கொடுக்க விதியில்லை. இரண்டு திங்கள் தவணை தருகிறேன் என்றார். அவர் சொன்னவற்றுள் எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. ஒவ்வொன்றும் நான் கொண்டுபோய்க் கொடுத்த தாளில் இருந்ததுதான்.

கங்காணியாரிடமும் போனேன். கரும்பலகையில் வரைவதுபோல ஒரு தாளில் செவியை வரைந்து, மூன்று வளைகுழல்களையும் காட்டி, நீர் வார்த்ததையும் விழிகள் அசையாததையும் விளக்கினேன். வெற்றிலையை மென்றபடி அவர் முழுவதும் கேட்டார். இடையில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. பிறகு எச்சிலைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஆத்தாவா ஊசியான்னு நான் ஒருநாளும் கேக்கல வாத்தியாரே. விழுவுற பொம்பளைக்கு ரோட்டோர வரிசையக் குடுத்தேன். ஆத்தான்னு சொன்னா மத்த பொம்பளைங்க மூஞ்சத் தூக்காம கை குடுப்பாங்க, தொரையும் கண்டுக்க மாட்டாரு. அவ்வளவுதான் லா. இப்ப தாளு வந்துருச்சு. தாளுக்கு முன்னால நான் என்னா செய்யிறது?"

நான் வரைந்த படத்தை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

தவணை முடிந்த நாளில் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் காய்கறி வணிகர் ஒருவரின் கடைக்குமேல் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன். மரப்படிகள் குறுகலானவை, ஒளி எட்டாதவை. அக்கா அவற்றில் அமர்ந்து அமர்ந்தே ஏறி இறங்குவார். நான் நாள்தோறும் அங்கிருந்து தோட்டத்துப் பள்ளிக்குப் போய்வந்தேன். அவர் பகலெல்லாம் சாளரத்தண்டை உட்கார்ந்து, கீழே முட்டைக்கோசுக் கூடைகள் லாரியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகம் கழுவும்போதுகூடக் கண்களை மூடாமல், ஈரத் துணியால் பாதி பாதியாகத் துடைத்துக்கொள்ளப் பழகியிருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காய்ச்சலில் இறக்கும்வரை அவர் வாழ்வு அந்த அறையில்தான் கழிந்தது. ஒருமுறை மட்டும் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று தாமே கேட்டார். வீட்டை விட்ட மறு ஆண்டு, கோயில் திருவிழாவுக்கு.

அழைத்துச் சென்றேன். அக்கா கோயில் தூணை ஒரு கையால் பற்றிக்கொண்டு நின்றார். நான் எதிர்ப்புறத்தில், செருப்புகள் கிடந்த இடத்தருகே, வழக்கம்போல் கைகட்டி நின்றேன். உறுமி முழங்கிற்று. விளக்கு உயர்ந்தது. அங்கிருந்த அத்தனை பேரும் கண்களை மூடினார்கள். மூடாதவர் இருவரே. கும்பிடாத நானும், மூடினால் விழுந்துவிடும் அக்காவும், குவிந்த கைகளுக்கு மேலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விளக்கு இறங்கும்வரை அவர் பார்வையை எடுக்கவில்லை. பார்ப்பதற்கு ஏதேனும் ஒன்று வேண்டியிருந்ததால்தான் என்று எண்ண முயன்றேன்.

பூசை முடிந்ததும், முன்பு அவரோடு வலப்பக்கம் நடந்த பெண் கைக்குழந்தையோடு வந்து அக்காவின் கையால் திருநீறு கேட்டாள்.

"எங்கிட்ட ஏன் கேக்குற? அந்தா தம்பி நிக்கிறாரு, அவர்கிட்ட கேளு. அவரு சொல்லுவாரு, இது காது நோவுன்னு."

என்னை அவர் 'அவரு' என்று சொன்னது அதுவே முதன்முறை. அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஆத்தா இல்லையா வாத்தியாரே?"

மூன்று வளைகுழல்களும் எனக்கு நினைவிலிருந்தன. விடை நாவின் நுனியில் இருந்தது. நான் தட்டிலிருந்து திருநீற்றை எடுத்துப் போய் அக்காவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் தூணை விடாமல், ஏந்திய கையின் பெருவிரலால் அதைத் தொட்டு, குழந்தையின் நெற்றியில் மெல்ல இட்டார்.

திரும்பும் வழி லயத்துக் கடைசி வீட்டைக் கடந்துதான் செல்லும். அவ்வீட்டின் முன் கொடிக்கயிற்றில் யாருடைய துணிகளோ காய்ந்தன. அங்கு வந்ததும் பனிமூட்டம் இறங்கியது. முதலில் சரிவு மறைந்தது, பின்னர்த் துணிகள், பின்னர் அந்த நிலைக்கால். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"நில்லுடா. ஒண்ணும் தெரியல."

நின்றோம். சாலையில் நாங்கள் ஏற வேண்டிய பிரிஞ்சாங் பேருந்து வந்து நிற்பதும், சற்று நேரம் உறுமிவிட்டுப் புறப்படுவதும் கேட்டன. அவர் கால்களை அகட்டி, என் கையை இரு கையாலும் பற்றிக்கொண்டு, வீடு இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.